சாயக்கழிவுநீரும் நுண்பாசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயம் கலந்த கழிவுநீரை நுண்பாசி வளர்த்துத் தெளியவைக்கும் முறை பற்றி ஆலைப் பொறியாளர்களும் மாணவர்களும் ஆற்றோரம் குடியிருப்பவர்களும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பாசியின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. அதனாலேயே அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன். தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் காட்டி "சுத்தமாகிவிட்டது" என்று யார் சொன்னாலும், "சரி, சாயம் எங்கே போனது?" என்று கேட்கப் பழக வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்கான விடைதான்.

நுண்பாசி என்பது படித்துறையில் வழுக்குமே, அந்தப் பாசிதானா?

நெருங்கிய உறவு. ஆனால் நாம் பேசுவது பெரும்பாலும் தனித்தனிச் செல்களாக நீரில் மிதப்பவை. குளோரெல்லாவின் ஒரு செல் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பத்துப் பன்னிரண்டை வரிசையாக நிறுத்தலாம். கண்ணுக்குத் தனிச் செல் தெரியாது, நீர் பச்சையாவதுதான் தெரியும். டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் 1890-இல் குளோரெல்லாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அன்று முதல் ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்பட்ட பாசிகளில் அதுவும் ஒன்று.

ஸ்பைருலினா, ஆசிலட்டோரியா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் உயிரியல் வகைப்பாட்டில் பாக்டீரியாக்கள். வேலை ஒன்றுதான் என்பதால் இந்தத் துறையில் அவற்றையும் பாசிக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

துணிக்குப் போட்ட சாயம் துணியில் ஏறாமல் ஏன் நீரில் தங்குகிறது?

சாய வகையைப் பொறுத்தது. பாலியெஸ்டருக்கான டிஸ்பெர்ஸ் சாயமும் அக்ரிலிக்குக்கான பேசிக் சாயமும் பெரும்பகுதி இழையில் ஏறிவிடும். தொல்லை பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தில்தான். 1956-இல் சந்தைக்கு வந்த இந்த வகை, இழையோடு வேதிப்பிணைப்பு கொண்டு ஒட்டுவதால் சலவைக்கு மங்காது. ஆனால் தொட்டியில் இழையைச் சுற்றி இருப்பது நீர். சாயத்தின் வினைபுரியும் முனை இழையைப் பிடிப்பதற்கு முன்பே நீரோடு வினைபுரிந்துவிட்டால் அந்த மூலக்கூறு செயலிழந்தது. இனி எந்த இழையிலும் ஒட்டாது. இப்படி 10 முதல் 40 சதவீதம் வரை வீணாகிக் கழிவில் சேர்கிறது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே நிறம் கண்ணில் படும். அதாவது ஒரு கிராம் சாயம் ஆயிரம் லிட்டரைக் கறைப்படுத்தப் போதும்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயில், வியர்வை, சோப்பு எதற்கும் அசையாதபடி திட்டமிட்டு உருவாக்கிய பொருள் இது. துணியில் எது அதன் குணமோ, ஆற்றில் அதுவே கேடு.

ஏற்கெனவே காற்றூட்டும் உயிரியல் தொட்டிகள் இருக்கின்றனவே. அவை போதாதா?

மாவு, கொழுப்பு, சோப்பு போன்றவற்றை அந்தத் தொட்டியில் உள்ள பாக்டீரியாக்கள் நன்றாகவே தின்னும். ரியாக்டிவ் சாயம் நீரில் நன்கு கரையக்கூடியது, கசடில் ஒட்டாது, பிராணவாயு நிறைந்த தொட்டியில் அதன் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும், நிறம் தரும் பிணைப்பு) எளிதில் உடைவதும் இல்லை. அதனால் நிறம் அப்படியே மறுபுறம் வெளியேறும். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் படிய வைத்தால் சாயம் கசடாக இடம் மாறுகிறது. ஓசோன் நிறத்தை விரைவாக உடைக்கும், மின்சாரம் நிறையக் குடிக்கும். காற்றூட்டலுக்கும் மின்சாரம் வேண்டும். இத்தகைய நிலையங்களின் மின்செலவில் பாதிக்கு மேல் பெரும்பாலும் அதற்கே போகிறது. பாசி இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. வெயிலை வாங்கிக்கொண்டு பிராணவாயுவைத் தானே தருகிறது.

பாசி சாயத்தை என்னதான் செய்கிறது?

மூன்று வேலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன.

முதலாவது, ஒட்டிக்கொள்வது. பாசியின் செல்சுவரில் கார்பாக்சில், ஹைட்ராக்சில், அமீன், பாஸ்பேட் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. சாய மூலக்கூறுகள் அவற்றில் போய் ஒட்டும். இதற்கு உயிர்கூடத் தேவையில்லை, இறந்த செல்லும் செய்யும். சில நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். பொதுவான நீரில் செல்சுவரின் மின்சுமை எதிர்மறை. ஆகவே நேர்மின்சுமை கொண்ட மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை போன்ற பேசிக் சாயங்கள் தாமாக இழுபட்டு வரும். ரியாக்டிவ் சாயங்களின் மின்சுமையும் எதிர்மறை என்பதால் சுவர் அவற்றைத் தள்ளும். நீரை நன்றாக அமிலமாக்கினால், பிஹெச் 2 அளவில், சுவரின் சுமை மாறி அவையும் ஒட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வருகிற பெரிய சதவீதங்கள் பல இந்த அமில நிலையில் எடுத்தவை. ஆலையின் கழிவோ சோடா ஆஷ் கலந்து பிஹெச் 9, 10, 11 என்று வருகிறது. கட்டுரையைப் படிக்கும்போது முதலில் பிஹெச் என்ன என்று பாருங்கள்.

இரண்டாவது, உள்ளே எடுத்துக்கொள்வது. உயிருள்ள செல் மட்டுமே செய்யும். மெதுவானது.

மூன்றாவதுதான் உண்மையான சிதைவு. அசோரிடக்டேஸ் என்ற நொதி, இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பை வெட்டுகிறது. உலகில் புழங்கும் செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகை. அவற்றின் நிறத்துக்கு மையமே அந்தப் பிணைப்பு. அது உடைந்தால் நிறம் போகும். லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகள் வேறு வகையில் ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கின்றன.

இவற்றோடு, நீரில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பாசி தன் உணவாக்கிக்கொள்கிறது. துணியில் அச்சிடும் பட்டறைகளின் கழிவில் யூரியா நிறைய இருக்கும், அங்கே இது பெரிய உதவி. மாறாக, வெறும் சாயமேற்றும் ஆலையின் நீரில் சத்துக் குறைவாக இருந்து பாசி பட்டினி கிடப்பதும் உண்டு. அப்போது வீட்டுக் கழிவுநீரைக் கொஞ்சம் கலந்தால் இரண்டுக்கும் நல்லது.

நிறம் போய்விட்டால் நஞ்சும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளவே கூடாது. எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

நிறம் ஒளிந்துகொள்ளும் என்பது அவுரிச் சாயம் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். தொட்டியில் இருக்கும்போது நீர் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்ததும் நீலம் ஏறும். மெத்திலீன் நீலமும் அப்படித்தான்: பிராணவாயு இல்லாத இடத்தில் நிறமற்றுப் போகும், பாட்டிலைக் குலுக்கினால் நீலம் திரும்பும். பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. மாலகைட் பச்சை ஒடுக்கம் அடைந்தால் நிறமற்ற லூக்கோ வடிவம் ஆகிறது. அது நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரையும், மீனின் உடலில் நெடுநாள் தங்கும். பல நாடுகள் உணவு மீன் வளர்ப்பில் மாலகைட் பச்சையைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீர் தெளிவாகத்தான் இருந்தது, நஞ்சு மீனுக்குள் இருந்தது.

அசோ சாயத்தில் நிலைமை இன்னும் சிக்கல். பிணைப்பு வெட்டுப்பட்டதும் கிடைப்பவை அரோமாட்டிக் அமீன்கள். பெரும்பாலும் நிறமற்றவை. எல்லாமே ஆபத்தானவை என்று சொல்ல முடியாது. சில மிக ஆபத்தானவை. 1895-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை எடுத்துச் சொன்னார். பென்சிடினும் 2-நாஃப்தைலமீனும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பிற்பாடு உறுதியானது. இத்தகைய அமீன்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களை உடலில் படும் துணிகளில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட அமீன்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. துணிக்கு இவ்வளவு கவனம் என்றால், அதே சாயத்தை உடைத்து ஆற்றில் விடும்போது எவ்வளவு கவனம் வேண்டும்?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. குளோரெல்லா, ஆசிலட்டோரியா இனங்கள் சில அசோ சாயங்களை அமீனாக உடைப்பதோடு நில்லாமல் அந்த அமீனையும் மேற்கொண்டு சிதைக்கின்றன என்று 1992-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அமீன்கள் முழுதாகச் சிதையப் பிராணவாயு வேண்டும். பாசிக் குளத்தில் பகல் நேரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆகவே எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: முதலில் காற்றில்லாத் தொட்டி, அங்கே பாக்டீரியாக்கள் அசோ பிணைப்பை உடைக்கட்டும். பிறகு பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் வெயில் குளம், அங்கே மிச்சமான அமீன்கள் தீரட்டும். நிறத்தை முன்பே குறைத்துக் கொடுப்பதால் குளத்துக்குள் வெளிச்சமும் இறங்கும்.

சரிபார்ப்பது எப்படி என்றால், எச்பிஎல்சி (கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவி) போன்ற கருவியால் அமீன்களைத் தேட வேண்டும். கூடவே உயிர்ச் சோதனை. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுப்பூச்சியை 48 மணி நேரம் விட்டு எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதுகூட முடியாத இடத்தில் விதை முளைப்புச் சோதனை செய்யலாம். ஒரு தட்டில் நல்ல நீர், இன்னொன்றில் சுத்திகரிப்புக்கு முந்தைய நீர், மூன்றாவதில் பிந்தையது. முளைத்த விதைகளை எண்ணி, வேரின் நீளத்தை அளந்தால் போதும். இரண்டாவதைவிட மூன்றாவதில் வேர் குட்டையாக இருந்தால், நிறம் எவ்வளவு தெளிந்திருந்தாலும் அந்த நீரை வெளியே விடக் கூடாது.

எந்தச் சாயம் எளிதில் மசியும், எது மசியாது?

எளிய அமைப்புள்ள அசோ சாயங்களும் பேசிக் சாயங்களும் எளிது. சல்ஃபோனேட் தொகுதிகள் பல கொண்ட பெரிய மூலக்கூறுகள் கடினம். செல்லுக்குள் நுழையவே தயங்கும். ஆந்த்ராகுயினோன் சாயங்களில் வெட்டுவதற்கு அசோ பிணைப்பே கிடையாது. தாமிரத் தாலோசயனின் வகையான டர்க்காய்ஸ் நீலங்கள் உயிரியல் முறைக்கு மிகவும் அடம்பிடிப்பவை. அவற்றைப் பாசியிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

எந்தப் பாசியைத் தேர்ந்தெடுப்பது?

பெயர் பார்த்து வாங்குவதைவிட, கழிவுநீர் ஓடும் கால்வாயின் ஓரத்தில் ஏற்கெனவே பச்சையாகப் படிந்திருப்பதை எடுத்து வளர்ப்பது நல்லது. அந்த நீரில் பிழைக்கத் தெரிந்தது அது. பொதுவாகக் குளோரெல்லாவும் சீனடெஸ்மஸும் கரடுமுரடான நிலைமைகளைத் தாங்கும். நீர் காரமாகவும் பைகார்பனேட் நிறைந்தும் இருந்தால் ஸ்பைருலினா செழிக்கும், அதற்குப் பிஹெச் 9 முதல் 10 வரை சொந்த வீடு மாதிரி. உப்பு மிகுந்தால் டுனாலியெல்லாவை யோசிக்கலாம்.

எதுவானாலும் பழக்கி விட வேண்டும். முதல் வாரம் பத்தில் ஒரு பங்கு கழிவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. நேரடியாக முழுக் கழிவில் ஊற்றி, இரண்டு நாளில் பாசி வெளுத்துப் போய், "இது வேலைக்காகாது" என்று கைவிடுவது பொறுமை இல்லாததால் வருகிற தோல்வி. சாயத்தொட்டி நீர் சூடாக வரும் என்பதையும் மறக்கக் கூடாது. குளோரெல்லாவுக்கு 25 முதல் 35 டிகிரி வரை இதமானது; ஆறவைக்காமல் விட்டால் வெந்துவிடும்.

கருத்த நீரில் வெளிச்சமே இறங்காதே, பாசி எப்படி வளரும்?

மிகச் சரியான சந்தேகம். பச்சையம் ஒளியை வாங்குவது முக்கியமாக 430 நானோமீட்டர் அருகேயுள்ள நீல ஒளியிலும் 660-ஐ ஒட்டிய சிவப்பு ஒளியிலும். மெத்திலீன் நீலத்தின் உச்சம் 664. பாசிக்கு வேண்டிய சிவப்பு ஒளியைச் சாயம் வழியிலேயே பறித்துவிடுகிறது. ரியாக்டிவ் பிளாக் 5-இன் உச்சம் 597, அதுவும் பக்கத்துவீடுதான். காங்கோ சிவப்பு 500-ஐ ஒட்டி வாங்குவதால் பாசிக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. ஆக, ஒரே அடர்த்தியில் இருந்தாலும் சிவப்பு நீரைவிட நீல, கறுப்பு நீர் பாசியை அதிகம் வாட்டும்.

மூன்று வழிகள் உண்டு. குளத்தை ஆழமில்லாமல் கட்டுவது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு உள்ளே வரும் நிறத்தை நீர்க்கச் செய்வது. நீரை ஓயாமல் கலக்கி ஒவ்வொரு செல்லையும் முறைவைத்து மேலே கொண்டுவருவது.

கழிவில் உள்ள உப்பைப் பாசி எடுத்துவிடுமா?

எடுக்காது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை. ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை சாதாரண உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்ஃபேட்) போடுகிறார்கள். அது அத்தனையும் கழிவில் வரும். பாசி எடுத்துக்கொள்வது அதில் கணக்கில் வராத அளவு. டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) குறைய வேண்டுமானால் ஆர்ஓ சவ்வு (அழுத்தத்தில் நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு), ஆவியாக்கிகள் என்றுதான் போக வேண்டும். பாசியால் டிடிஎஸ் தீரும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் நீரைப் பிரித்து வைத்தால் பாசிக்கு நல்ல இடம் கிடைக்கும். முதல் சாயத்தொட்டி நீரில் உப்பும் நிறமும் அடர்த்தி, அளவு குறைவு. அதற்குப் பின் வரும் அலசு நீரில் இரண்டும் குறைவு, அளவு மிக அதிகம். முன்னதை உப்பு மீட்புக்கும் பின்னதைப் பாசிக் குளத்துக்கும் அனுப்பலாம். எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டிக் கலந்த பிறகு எந்த முறைக்கும் கஷ்டம்தான். குளத்திலிருந்து வடிகட்டிய நீர் ஆர்ஓவுக்குப் போகும்போது கரிமப் பொருள் குறைந்திருப்பதால் சவ்வு அடைபடுவதும் குறையும், பாசித் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் வடிகட்டியிருந்தால்.

எவ்வளவு இடம் வேண்டும்?

நிறைய. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓட்டக் குளங்கள் எனப்படும் துடுப்புச் சக்கரம் வைத்த பாசிக் குளங்கள் 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழமே இருக்கும். நீர் நொடிக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களில் கழிவுநீருக்காக உருவாக்கிய வடிவம் இது.

நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவு, அதாவது 1,000 கன மீட்டர். ஐந்து நாள் தங்க வேண்டும் என்றால் குளத்தின் கொள்ளளவு 5,000 கன மீட்டர். ஆழம் 0.3 மீட்டர். வகுத்தால் பரப்பு ஏறக்குறைய 16,700 சதுர மீட்டர், நான்கு ஏக்கருக்குச் சற்று மேல். அந்தப் பரப்பில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் பாசி விளைந்தால், தினமும் 167 கிலோ உலர்பாசி கிடைக்கும். ஒரு கிலோ பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். கொதிகலன் புகையைக் குளத்தில் குமிழவிட்டால் பாசிக்கு உணவும் கிடைக்கும், காரமான கழிவின் பிஹெச்சும் இறங்கும். ஆலையின் இரண்டு கழிவுகள் ஒன்றையொன்று சரிசெய்யும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இடமே இல்லாதவர்கள், பாசியைக் குழாய்க்குள் ஓடவிட்டு வளர்க்கும் கண்ணாடிக் குழாய் ஒளிவினைகலன் பற்றிக் கேட்கிறார்கள். சாயக்கழிவுக்கு அது சரிவராது என்பது என் கருத்து. குழாயின் உட்புறம் பாசியும் சாயமும் படிந்துவிடும், தேய்த்துக் கழுவியே ஆள் ஓய்ந்துபோவார்.

இரவில் என்ன ஆகும்?

ஒளிச்சேர்க்கை நிற்கும், சுவாசம் நிற்காது. நீரில் பிராணவாயு குறையும், பிஹெச்சும் இறங்கும். குளம் கலங்கிக்கொண்டே இருந்தால் விடியும்வரை தாங்கும். தொடர்ந்து நாலைந்து நாள் மூட்டமாக இருந்தால்தான் சிக்கல். அதற்காகவே வரும் நீரைப் பிடித்து வைக்க ஒரு சேமிப்புத் தொட்டி கட்டாயம் வேண்டும்.

காய்ந்த பாசித் தூளைப் போட்டால் போதாதா? உயிரோடு வளர்ப்பது தொல்லையாக இருக்கிறதே?

தூள் ஒட்டவைக்கும் வேலையை மட்டும் செய்யும். நஞ்சுக்கு அஞ்சாது, உணவு கேட்காது, அமிலத்தில் போட்டாலும் சரி. ஆனால் சாயம் உடைவதில்லை, தூளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நிரம்பிய தூளை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சும். சிறிய அளவு, ஒரே வகைப் பேசிக் சாயம் என்றால் தூள் நல்ல தேர்வு. வேறு பயனுக்காக எண்ணெயோ நிறமியோ எடுத்த பின் மிஞ்சும் சக்கையைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம்.

வேலை முடிந்ததும் பாசியை நீரிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பல திட்டங்கள் சறுக்கும் இடம் இது. லிட்டருக்கு அரை கிராம் பாசி இருக்கும் குளத்தில் ஒரு கிலோ உலர்பாசி எடுக்க 2,000 லிட்டர் நீரை வடிகட்ட வேண்டும். செல் மிகச் சிறியது, எடையும் ஏறக்குறைய நீரளவு, போதாக்குறைக்கு எல்லாச் செல்களும் ஒரே மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரம், இரும்புக் குளோரைடு, கைட்டோசான் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் திரண்டு படியும். நுண்குமிழி விட்டு மேலே மிதக்கவைத்து வழித்தெடுப்பதும் உண்டு. மையவிலக்கி சுத்தமாகப் பிரிக்கும், மின்செலவு கட்டுப்படியாகாது. பாக்டீரியாவோடு சேர்ந்து தானே கட்டிகட்டியாகப் படியும் பாசிக் கூட்டத்தைப் பழக்கி எடுப்பதுதான் நீண்டகாலத்துக்கு நல்ல வழி. படிந்த கட்டியில் ஒரு பகுதியை மறுபடி குளத்தில் விட்டுக்கொண்டே வந்தால், படியாத செல்கள் நீரோடு வெளியேறி, படியும் குணமுள்ளவை பெருகும்.

ஆல்ஜினேட் உருண்டைக்குள் பாசியை அடைத்து வைத்தால் பிரிக்கும் தொல்லையே இல்லையே?

கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசையான சோடியம் ஆல்ஜினேட்டில் பாசியைக் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச்சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போன்ற பச்சை உருண்டைகள் கிடைக்கும். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும். ஆனால் அந்த உருண்டையைக் கட்டிவைத்திருப்பது கால்சியம். சாயக்கழிவில் சோடியம் ஏராளம். அது கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், பாஸ்பேட் இருந்தால் அதுவும் கால்சியத்தைப் பிடுங்கும். நாளடைவில் உருண்டை ஊதி, குழைந்து, கரைந்துவிடும். உண்மைக் கழிவுநீரில் இரண்டு வாரம் ஊறவைத்துப் பார்த்துவிட்டு மேலே முடிவெடுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் 95 சதவீதம் நிறநீக்கம் என்கிறார்கள். ஆலையில் அது கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தை லிட்டருக்கு 20 மில்லிகிராம் கலந்து, விளக்கொளியில், குடுவையில் எடுத்த எண் அது. 2010-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஜவுளிக் கழிவுநீரை ஓட்டக் குளத்தில் குளோரெல்லா வல்காரிஸ் கொண்டு சுத்திகரித்தார்கள். நிறம் குறைந்தது 41.8 முதல் 50 சதவீதம், சிஓடி (நீரில் உள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் பிராணவாயு அளவு) 38.3 முதல் 62.3 சதவீதம். அந்த ஆய்வில் நிறம் போனதற்குக் காரணம் சாயம் செல்லில் ஒட்டியதே என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். கட்டுமானத் திட்டத்தை இந்த மாதிரி எண்ணை வைத்துப் போட்டால் ஏமாற்றம் இருக்காது. பாசிக் குளம் ஒரு சுத்திகரிப்பு வரிசையின் நடுக்கண்ணி. முன்னும் பின்னும் வேறு படிகள் வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கு இதை எடுத்திருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒப்பீட்டுக் குடுவைகளில். பாசி இல்லாமல் சாயம் மட்டும் உள்ள குடுவை ஒன்று அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் வெயிலே சில சாயங்களை வெளுக்கும். கொதிக்கவைத்துக் கொன்ற பாசி உள்ள குடுவை ஒன்று வேண்டும், ஒட்டியது எவ்வளவு, உயிர் உடைத்தது எவ்வளவு என்று பிரிப்பதற்கு. பாசி வளரும்போது பிஹெச் ஏறும். பிஹெச் மாறினால் சில சாயங்களின் நிறமே மாறும். அதனால் அளப்பதற்கு முன் எல்லா மாதிரிகளையும் ஒரே பிஹெச்சுக்குக் கொண்டுவாருங்கள். செல்களை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் நீக்கிய பிறகே நிறமாலைமானியில் வையுங்கள். கலப்புச் சாயக் கழிவு என்றால் ஒரே அலைநீளம் போதாது. 436, 525, 620 என்று மூன்றில் அளப்பது பன்னாட்டுத் தர முறையில் உள்ளது.

கடைசியாக, வடிதாளில் தங்கிய செல்களைத் தூக்கி எறியாதீர்கள். மெத்தனாலில் ஊறவையுங்கள். பச்சையத்தோடு சாயமும் இறங்கினால், அது உடையாமல் செல்லிலேயே இருந்திருக்கிறது. பச்சையத்தின் நிறம் குழப்பாமலிருக்க, சாயம் காணாத பாசியையும் அதே போல ஊறவைத்து ஒப்பிடுங்கள்.

நன்றாக இருந்த குளம் ஒரே வாரத்தில் தெளிந்து வெளுத்துவிட்டது. ஏன்?

நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பாருங்கள். ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்குகளோ டாஃப்னியாவோ பெருகிப் பாசியை மேய்ந்திருக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றால், ஆலையில் அந்த வாரம் என்ன மாறியது என்று விசாரியுங்கள்: வெளுப்புக்கான பெராக்சைடோ ஹைப்போகுளோரைட்டோ மிச்சமாக வந்திருக்கும், இல்லாவிட்டால் புதுச் சாயம் வந்திருக்கும். எப்போதும் ஒரு சிறு தொட்டியில் ஆரோக்கியமான பாசியைத் தனியே வளர்த்துவருவது, மறுபடி தொடங்கும் நாளில் கைகொடுக்கும்.

அறுவடை செய்த பாசியை மாட்டுத் தீவனமாக்கலாமா? உரமாக்கலாமா?

தீவனம் வேண்டவே வேண்டாம். நல்ல நீரில் வளர்ந்த ஸ்பைருலினா சத்துணவு. சாயக்கழிவில் வளர்ந்தது சாயத்தைச் சுமந்து நிற்பது. உலோகம் கோத்த சாயங்களில் குரோமியம், கோபால்ட், தாமிரம் இருக்கும், அவையும் செல்லில் சேரும். உரத்துக்கும் இதே தயக்கம் பொருந்தும். உலோக அளவும் அமீன் அளவும் சோதித்துச் சுத்தம் என்று தெரிந்தாலொழிய நிலத்தில் போடக் கூடாது.

காற்றில்லாக் கலனில் போட்டு எரிவாயு எடுக்கலாம். எண்ணெய் சேர்த்த இனமானால் பயோடீசல் எடுக்கலாம், ஆனால் அந்த வருமானத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். பிராணவாயு இல்லாமல் சுட்டுக் கரியாக்கினால் அந்தக் கரியே இன்னொரு சுற்றுச் சாயத்தை உறிஞ்சப் பயன்படும். உலோகம் மட்டும் அந்தக் கரியிலேயே இருக்கும், அது எங்கும் போகாது.

கடைசித் தொட்டியில் மீன் விட்டிருக்கிறோம், நன்றாக நீந்துகின்றன. அந்த மீனைச் சாப்பிடலாமா?

சாப்பிடாதீர்கள். மீன் உயிரோடு இருப்பது நீரில் உடனே கொல்லும் நஞ்சு இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. கொழுப்பில் மெல்லச் சேர்வது எதையும் நீச்சல் காட்டாது. கண்காணிப்புக்காக வளர்ப்பதென்றால் வளர்க்கலாம். தொட்டியைச் சுற்றி வலை கட்டுங்கள், பிடித்துப் போகக் கூடாது என்று பலகை வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மீனை ஆய்வகத்துக்கு அனுப்பி, கொழுப்பிலும் ஈரலிலும் சாயமும் உலோகமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.